ஐந்து நொடி

ஆர்டென் காட்டுச் சரிவில், நனைந்த புல்லில்,
யோரிஸுக்கும் ஓடீலுக்கும் வாய்ச்சண்டை.
கோட்டைத் தாண்டியது இரண்டு சக்கரம்தான்,
அதற்குப் போய் ஐந்து நொடி தண்டனையா என்கிறான்.
நான்கும் தாண்டின, கண்ணால் பார்த்தேன் என்கிறாள்.
உருளை வறுவல் ஆறிப்போகிறது.

அடுத்தது மின்கார்ப் பந்தயம்.
இதெல்லாம் ஒரு ஓட்டமா,
தையல் மிஷின் இதைவிட உறுமும்.

கார்கள் கடந்தன.
டயர் ஈரத்தைக் கிழிக்கும் ஒலி,
வளைவில் யாரோ தும்மியது,
தூரத்தில் ஒரு பசுவின் மணி.

முப்பது வருஷம் இதே மேட்டில்
ஒருவர் வாயசைவை ஒருவர் பார்த்தே
சண்டை போட்டவர்கள்.
இன்று அவள் மெதுவாகத்தான் சொன்னாள்:
"மூன்று சக்கரமாகவும் இருக்கலாம்."

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.
யோரிஸ் மட்டும்
இடது காதில் கை குவித்து
"என்ன?" என்றான்.