கன்றுக்குட்டி கிழிந்த வகையில்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.
சிவப்பு மையில், ஓரமாக, சாய்த்து ஒரு வரி:
'கால்நடைகளுக்கு இவ்வாரியத்தில் இழப்பீடு இல்லை.'

மொக்கைச்சாமி அதை நாலாய் மடித்து
பீடிக்கட்டோடு சட்டைப்பையில் செருகிக்கொண்டு
சிம்மக்கல்லில் என் மாடிப்படி பதினெட்டையும்
வலது காலை மட்டும் நம்பி ஏறி வந்தார்.

கீழமாரட் வீதி, வெங்காய மண்டி.
லாரிக்கும் தரைக்கும் போட்ட பலகை
ஒரு விரற்கடை நழுவியது, அவ்வளவுதான்.
முதுகில் ஐம்பது கிலோ நாசிக் வெங்காயம்.
பின்னாலிருந்து எவனோ கல்லால் அடித்தான் என்று
மூட்டையோடு திரும்பி வைதிருக்கிறார்.
அங்கே யாருமில்லை.

நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது
காஃப் மஸில் டேர்.
சங்கத்து எழுத்தர் தவமணி
அதைக் கைபேசிக்குக் காட்டினார்.
கைபேசி யோசிக்கவே இல்லை.
கன்றுக்குட்டி தசை கிழிந்தது, என்றது.
கட்டத்துக்குள் இடம் போதாமல்
தவமணி தசையை விட்டுவிட்டார்.

கைபேசியைக் குற்றம் சொல்லவும் முடியாது.
காஃப் என்றால் அவர்களுக்குக் கன்றும்தான்,
காலின் பின்பக்கச் சதையும்தான்.
இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று கேட்டால்
அகராதி 'இருக்கலாம்' என்கிறது,
பங்காளிச் சண்டையில் சாட்சிக்கு இழுத்துவரப்பட்டவன்போல.
வடகடல் தாண்டிப் படகில் வந்தவர்கள்
விட்டுச்சென்ற சொல்லாம்.
அதற்கும் முன்னால் அந்தச் சதைக்கு
ஸ்பேர்லிரா என்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது.
செத்துவிட்டது.
கால்கள் அதற்காக ஒருநாள்கூட நிற்கவில்லை.

மஸில் என்பது சுண்டெலி.
ரோமாபுரியில் எவனோ கையை மடக்கி
புஜத்தில் தோலுக்கடியில் ஓடியதைப் பார்த்து
எலிக்குட்டி என்றிருக்கிறான்.

ஆக, நான் கையெழுத்திட்டு முத்திரை குத்தியது
கன்றுக்குள் ஓடிய எலி கிழிந்ததற்கு.

'நம்மளது மட்டும் என்னவாம் டாக்டரம்மா?
கெண்டை. மீனுதானே.
ராத்திரி மூணு மணிக்கு அது புரண்டுச்சுன்னா
எந்திரிச்சு மிதிக்கிறது எம் பொண்டாட்டி.'

சிரித்துக்கொண்டே வீக்கத்தை அளந்தேன்.
நாடாவில் இரண்டு சென்டிமீட்டர் அதிகம்.
வாய் சும்மா இருக்காமல் இதையும் சொன்னேன்:
அந்தச் சீமையில் பிரபுக்களின் வண்டிக்குப் பின்னால்
நிற்கும் சேவகனுக்கு
காலின் கெண்டை பார்த்துத்தான் வேலை.
ஒல்லிக்காலன் பட்டுக் காலுறைக்குள்
பஞ்சு வைத்துத் திணித்துக்கொள்வான்.

'பஞ்சா?'
மொக்கைச்சாமி வெகுநேரம் தன் காலையே பார்த்தார்.
முப்பத்தொரு வருஷ மூட்டை
அதில் உருண்டு திரண்டு கிடந்தது.
'மூட்டை தூக்க வேணாமா அவுகளுக்கு?'
வேண்டாம், சும்மா நிற்கவேண்டும் என்றேன்.
'அதுக்குச் சம்பளமா,' என்றார்.
கேள்வியாகக் கேட்கவில்லை.

இந்த ஊரில் கெண்டையைக் கண்ணுக்குக் கொடுத்தவர்கள்
ஏடு ஏடாக எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.
தெய்வத்தின் பெயரிலேயே மீன் உண்டு.
காலுக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை.
எனக்கென்னவோ, முன்னால் நடந்தவனின்
காலை மட்டும் பார்த்தபடி
தலைச்சுமையோடு பின்னால் நடந்த ஆளாகத்தான்
இருக்கும் என்று தோன்றுகிறது.
கழுத்து நிமிர்த்த முடியாதவர்களுக்கு
வேறெது கண்ணில் படும்?

புதுப் படிவத்தில் தமிழிலேயே எழுதினேன்:
இடது கெண்டைக்கால் தசைக் கிழிவு.
ஓய்வு, ஆறு வாரம்.
தவமணி வாங்கிப் படித்துவிட்டுத் தயங்கினார்.
'இதை மீன்வளத் துறைக்குத் தள்ளிட்டா?'

ஆறு வாரம் என்றதை இரண்டாக்கச் சொல்லி
மொக்கைச்சாமி கெஞ்சிக்கொண்டிருந்தார்.
சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தச் சொன்னேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் தோலுக்கடியில் ஏதோ
லேசாகத் துள்ளி அடங்கியது.

எந்தப் பிராணி என்று நான் குறிப்பில் எழுதவில்லை.