மேடை இல்லாத ஐந்தாம் நாள்

உச்சிப்புளி தாண்டி, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே
விஷ்ணுகிராந்தி பறித்தோம்.
வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும்.
அப்புறம் நீலத்தை மூடிக்கொண்டு
வெறும் புல்லாக நடிக்கும்.

நாலு கிலோ. நிழலில் எட்டு நாள்.
உப்புக்காற்றில் எதுவும் காயாது என்று
விலங்குக்கூடத்து இன்னாசி
தன் மேசைவிசிறியைத் தூக்கி வந்தான்.
இடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, வற்றவைத்ததில்
குடுவையின் அடியில்
கருகிய வெல்லம்போல் கொஞ்சம்.
இதுதான் ஞாபகசக்தி என்றேன்.
மோந்து பார்த்தான்.
"அடிப்பிடிச்ச கருவாட்டுக் குழம்பு."

எட்டெட்டாக மூன்று கூண்டு.
ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குக் கொஞ்சம் சாறு,
ஒன்றுக்கு நிறைய.
மறதி ஊசி மட்டும் எல்லாவற்றுக்கும்.
"மறக்கவும் வச்சு, நெனைக்கவும் வைக்கிறதா?"
பதில் மூன்றாம் அத்தியாயத்தில் வரும்.
இன்னும் எழுதவில்லை.

வட்டத் தொட்டி. பால்பவுடர் கரைத்த தண்ணீர்.
வெள்ளைக்கு இரண்டு விரற்கடை கீழே
ஒளிந்திருக்கும் ஒரு மேடை.
எலி சுவரோரமாகச் சுற்றும், மூச்சிரைக்கும்,
தற்செயலாகக் கால் தட்டும், ஏறி நிற்கும்.
மறுநாள் அடையாளம் வைத்து வரும்:
சுவரில் ஒட்டிய முக்கோணம், கதவு, என் பச்சை முக்காடு.
நானும் ஒரு குறி என்பதால் இடம் மாறக்கூடாது,
நிறமும் மாறக்கூடாது.
கீழக்கரைக்குப் போய் ராத்திரி அலசி
விடிவதற்குள் அதையே உலர்த்திப் போட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் மேடையை எடுத்துவிட வேண்டும்.
சோதனையே அதுதான்.
அறுபது நொடியில்
மேடை இருந்த கால்வட்டத்தில் எத்தனை நொடி சுற்றுகிறதோ
அத்தனைக்குப் பெயர் ஞாபகம்.

மூன்றாம் கூண்டு, வாலில் ஆறு கோடு.
விட்டதும் நேரே போனது.
கால் வைத்தது.
வைக்க ஒன்றுமில்லை.
கொஞ்சம் விலகி, திரும்பி, மறுபடி அங்கேயே.
மறுபடி.

இன்னாசி துடைக்கும் துண்டோடு நின்றான்.
ஐப்பசியில் பாம்பனிலிருந்து போன அவன் அண்ணன் சவேரியின்
வல்லம் மட்டும் கிடைத்தது.
ஞாயிறு பூசை முடிந்ததும் மச்சான் படகை வாங்கிக்கொண்டு
ஜி.பி.எஸ். எண் எழுதிய சிகரெட் அட்டையோடு
அந்த ஒரே இடத்தைச் சுற்றிவிட்டு வருவான்.
டீசலுக்கு என்னிடமும் கேட்டிருக்கிறான்.
அவனுக்கு நான் எந்தச் சாறும் புகட்டியதில்லை.

"எடுத்துருங்க, போதும்."
ஐம்பத்திரண்டாவது நொடி.
இன்னும் எட்டு இருந்தது.
எட்டையும் ஓடவிட்டேன்.
நாற்பத்தொன்று. நல்ல எண்.
சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்பது
சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மூளைகளை எடுத்து
பனிக்கட்டியில் வைத்தோம்.
எடை பார்த்துச் சொன்னது நான்,
பதிவேட்டில் எழுதியது அவன்.

ஒருவாரம் கழித்துப் பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டினார்.
குறிப்பு என்ற கட்டத்தில்
எல்லா எலிக்கும் "இயல்பு", "இயல்பு".
ஆறு கோட்டுக்கு மட்டும்
இன்னாசியின் கையெழுத்தில்: "தேடுது."
இதற்கு என்ன அலகு என்றார். அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.
பேனாவை அழுத்தி எழுதுகிறவன் அவன்.
அடுத்த பக்கத்தில்,
நான்காம் கூண்டே இல்லாத வெற்றுத்தாளில்,
விரலுக்குத் தட்டுப்படுகிறது.