காறை எலும்பு

ஜூன் மாத வெள்ளி, காலை நாலேகால்.
ரூவியில் பாங்கு முடிந்துவிட்டது.
ஏ.சி. பெட்டிகள் மட்டும்
சந்தெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கின்றன.
லிஃப்டுக்குள் சைக்கிளை நெட்டுக்குத்தாய் நிறுத்தி
முன்சக்கரத்தைத் தோளில் சாத்திக்கொண்டு இறங்குகிறேன்.
காவலாளி ஷம்சுல் இந்த வாரமும் கேட்கிறான்:
கார் இருக்கிறதே, மேடம்?

இருக்கிறது.
கார் போகாத இடமும் இருக்கிறது.

வாரத்தில் ஐந்து நாள்
நான் எலும்புகளைப் படம் பிடிக்கிறவள்.
மூச்சை இழுங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க:
தமிழில், இந்தியில், நொண்டுகிற அரபியில்.
சாரம் சரிந்து விழுந்தவன் குதிகால்,
கதவிடுக்கில் மாட்டிய பிள்ளை விரல்,
எல்லாம் என் திரையில் வெள்ளையாய் வந்து நிற்கும்.
ஆகவே எனக்குத் தெரியும்:
கைப்பிடிக்கு மேலே பறந்து போனால்
முதலில் முறிவது காறை எலும்பு.
கையை ஊன்றித் தப்பினாலோ
மணிக்கட்டுக்குள் முந்திரிப்பருப்பு அளவில்
படகெலும்பு ஒன்று, ஆறு வாரக் கட்டு.
தெரிந்துமா போகிறாய் என்கிறாள் அறைத்தோழி பியூலா,
தூக்கத்திலேயே, திரும்பிப் படுத்தபடி.

வாதி என்பார்கள் இங்கே வறண்ட ஆற்றை.
வழக்குத் தொடுக்கத் தண்ணீர்தான் இல்லை.
அதன் வாயில் காத்திருக்கிறார்கள் இருவர்:
ஹெல்மெட்டுக்குள் கறுப்புத் துணியை இறுக்கிச் செருகும்
வங்கிக் காசாளர் ஸுவைனா,
காற்றடிக்கும் பம்பும் ஒட்டுத்துண்டும்
பேரீச்சம்பழப் பொட்டலமும் சுமக்கும்
கீழக்கரை பைசலுதீன்.
முப்பத்துநாலு டிகிரி, குளிர்ச்சிதான் என்கிறான்.
யாரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே குளிர்ச்சிதான்.

ஏற்றம்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
கடைசிப் பல்லில் கிடக்கிறது சங்கிலி.
மிதிக்கிறேன், மலை நகரவில்லை.
மிதிக்கிறேன், வியர்வை நகர்கிறது.
தீய்ந்த வெல்லப்பாகு போல இறுகிய பாறையில்
ஓர் ஆடு அசைபோடுவதை நிறுத்திப் பார்க்கிறது,
காசு கொடுத்து வாங்கிய கஷ்டத்தை.

உச்சியில் ஐந்து நிமிஷம்.
கீழே மத்ரா துறைமுகம்,
விளக்கணைக்க மறந்த இரண்டு கப்பல்,
கடலோடு ஒட்டிக் கிடக்கிற ஊர்.
பழக்கொட்டையைத் துப்பிவிட்டு
இருக்கையைத் தாழ்த்துகிறோம்.

பிறகு
இறக்கம்.

கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போவாய்,
இடைவெளியைப் பார், இடைவெளியைப் பார்,
இடுப்பு பின்னால், முழங்கை அகல,
பிரேக்கில் ஒரு விரல், ஒரே விரல்,
சரளை சரசரக்க, சக்கரம் சறுக்க,
சறுக்கினதை உடம்பு தானே சரிக்கட்ட,
முன்னால் ஸுவைனா கத்துகிறாள்,
அது அரபி இல்லை, எந்த மொழியும் இல்லை,
நானும் அதையே கத்துகிறேன்.
வாடகை, விசா, இரவு ஷிஃப்ட்
ஒன்றுக்கும் இங்கே கால் ஊன்ற இடமில்லை.
அடுத்த ஆறடி மட்டும்தான் உலகம்.
அதற்கடுத்த ஆறடி.

மூன்றாவது வளைவில் பறந்தேன்.

தூசி அடங்கியது.
மல்லாந்தபடியே தடவினேன்:
காறை எலும்பு, இடம், வலம், முழுசு.
கட்டைவிரல் அடியில் அந்தக் குழியை அமுக்கினேன்.
வலி இல்லை.
முட்டியில் மட்டும் ஒரு திர்ஹம் அளவு தோல் காணோம்.
பைசலுதீன் ஓடி வந்தான்,
முதலில் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தான்.
கியர் கொக்கி வளைஞ்சிருச்சு, ஏழு ரியால் என்றான்.
அப்புறம்தான், உனக்கு?

மலையெல்லாம் கேட்கச் சிரித்தேன்.
அந்த ஆடு திரும்பவும் மென்றது.

ஞாயிறு காலை.
மணிக்கட்டு வீங்கிய பையன் ஒருவன்
மேசையில் கை நீட்டிக் கிடக்கிறான்.
அசையாதே என்று சொல்லிவிட்டு
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.
என் இடுப்பு, என்னைக் கேட்காமல்,
இடப்பக்கம் சாய்கிறது.
வெளி முழங்கால் திறக்கிறது.
அந்த வளைவைக் கொஞ்சம் அகலமாய் எடுத்திருக்க வேண்டும்.