கொள்ளு

ஹெசரகட்டா தாண்டிப் பிரியும் கிளைச்சாலையில்
ஞாயிறு ஒன்பது மணிக்கு
நானும் என் மூச்சிரைப்பும்தான்.

வளைவுக்கு அப்பால் தாரே தெரியவில்லை.
காய்ந்த கொள்ளுச்செடி பரப்பியிருந்தது
போகிற வண்டி மிதித்துத் தரட்டுமென்று.

இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கினேன்.
முறத்தோடு நின்றவள் சிரித்துவிட்டாள்.
"மேலேயே ஹோகப்பா. லாரி ஒண்ணும் வரலை,
நீயாவது."

எட்டுக் கிலோ கார்பன்,
அறுபத்தொரு கிலோ நான்.
டயருக்கடியில் நெற்று
பொரி மாதிரி வெடித்தது.

திரும்பி வரச் சொன்னாள்.
இன்னொரு தரம்.
அப்புறம் அந்த ஓரமாக ஒரு தரம்.
எழுபது கிலோமீட்டர் போவதாக இருந்தேன்.
நாற்பதடிக்குள் வெயில் ஏறிவிட்டது.

இரவு செயினைத் துடைக்கையில்
பல்சக்கரத்திலிருந்து ஒரு மணி உருண்டது,
எண்ணெய் பூசிக்கொண்டு.
எறிய மனமில்லை.
எந்த டப்பாவில் போடுவது?