பத்தாம் நம்பர் ஷூ

முதலில் குளியலறையில் ஒன்று.
கொடியில் கிடந்த துண்டிலிருந்து
என் தோளுக்கு வரப் பார்த்தது.
மூத்திரம் பட்டால் கொப்புளம் போடும் என்றாள்
அம்மா ஃபோனில்.
நான் பேச நினைத்ததென்னவோ
வாடகை ஏறியதைப் பற்றி.

அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
கொசுவலைக்கு உள்பக்கம் இன்னொரு வலை.
சிலிண்டருக்குப் பின்னால்,
மீட்டர் பெட்டியில்,
ஊரிலிருந்து வந்தபின் திறக்கவே திறக்காத
டிரங்குப் பெட்டியின் சாவித் துவாரத்தில்கூட
யாரோ நூல் கோத்திருந்தார்கள்.
திங்கள் இரவு அடித்த ஒட்டடை
புதன் காலை அதே மூலையில்,
இஸ்திரி போட்டு மாட்டியதுபோல.

நஞ்சுண்டப்பா தினமும் கீழே நின்று
அண்ணாந்து பார்க்கிறார்.
காலி செய்யும்போது வெள்ளையடிக்க
அட்வான்ஸில் ஒரு மாதம் பிடிப்பாராம்.
ஒட்டடைக்குத் தனியாகப் பிடிப்பாரா
கேட்கவில்லை,
கேட்டால் பிடிப்பார்.

கற்பூரம், புதினா எண்ணெய், எலுமிச்சைத் தோல்.
ரசத்துக்குத் தூரத்து உறவுபோல் மணத்தது வீடு.
ஒன்றும் நகரவில்லை.

கடைசியில் முதுகில் டப்பாவோடு
கெம்பராஜு வந்தான்.
ஓசூர்ப் பக்கத்துத் தமிழ், நடுநடுவே கன்னடம்.
"மருந்து அடிக்கலாம் மேடம், காசும் வாங்கிக்கலாம்.
ஆனா இதுங்க நுனிக்கால்ல நடக்கும்.
கரப்பான் மாதிரி வயித்தைத் தேய்க்காது.
மருந்து மேலயே நடந்து போயிட்டே இருக்கும்."
வாசல் பல்பைக் காட்டினான்.
"ராத்திரி பூரா எரியுதா?"
எரியுது.
"ஏரிக்கரைப் பூச்சி மொத்தமும் இங்கதான் வருது.
நீங்க எலை போடுறீங்க, அதுங்க பந்தியில உக்காருது.
லைட்டை அணைங்க. தானா கிளம்பிடும்."

அணைக்க முடியாது என்று சொன்னேன்.
ஏன் என்று சொல்லவில்லை.

ஏன் என்பது கதவுக்கு வெளியே இருந்தது:
பத்தாம் நம்பர், கறுப்பு,
ஆண்கள் ஷூ ஒரு ஜோடி.
நடைபாதைக் கடையில் நூற்றெண்பதுக்கு வாங்கியது.
யாருக்கு என்று கடைக்காரர் கேட்டபோது
அண்ணனுக்கு என்றேன்,
எனக்கு அண்ணன் இல்லை.
வாரம் ஒருமுறை கொஞ்சம் சேறு பூசுவேன்.
வலதின்மேல் இடதைச் சாய்த்து
இப்போதுதான் கழற்றியதுபோல் போட்டுவைப்பேன்.
இருட்டில் ஷூ யாருக்குத் தெரியும்?
அவருக்கு நைட் ஷிஃப்ட் என்று
தண்ணீர் கேன் பையனிடம்
ஒரு தடவை சொல்லியும் வைத்திருக்கிறேன்.

கெம்பராஜு குந்தி உட்கார்ந்து
டார்ச் அடித்து இடது ஷூவுக்குள் பார்த்தான்.
"இங்க வாங்க."

கட்டைவிரல் இருக்கவேண்டிய ஆழத்தில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒருத்தி.
எட்டுக் காலையும் பரப்பி,
அடிவயிற்றில் அணைத்திருந்தாள்
பட்டில் செய்த எட்டணா மாதிரி
ஒரு முட்டைப் பை.
வெளிச்சத்துக்கு அசையவில்லை.

"சார் இந்த ஷூவைப் போடுறதே இல்லையா?"

என் முகத்தில் என்ன கண்டானோ,
டார்ச்சை அணைத்தான்.
விசிட்டுக்கு மட்டும் இருநூறு என்று
ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.
பாதிப் படி இறங்கியவன்
கீழ்வீட்டுக்கும் கேட்கிற குரலில்,
"சார் எழுந்ததும் சொல்லிடுங்க மேடம்,
அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன்!"

நஞ்சுண்டப்பா அண்ணாந்து பார்த்தார்.

அன்று இரவு விளக்கை அணைத்தேன்.
பதினைந்து நிமிடம்.
லிஃப்ட் சத்தம், ஒரு இருமல்,
யாருடைய செருப்போ மேல்மாடிக்குப் போனது.
மறுபடி போட்டேன்.

ஒட்டடைக் கோலைக் கதவோரம் சாத்திவிட்டு
ஷூவை மட்டும் தொடவில்லை.
சேறு பூசவும் இல்லை.
இனி யாராவது கேட்டால்
பாதிப் பொய் சொன்னால் போதும்.
ஆள் உண்டு,
இரவு வேலை,
காலையில் தூங்குகிறாள்.