ஈடு

திங்கட்கிழமை காலை பட்டியல் வந்துவிடும்
அட்லாண்டாவிலிருந்து.
முப்பத்தோரு பாட்டு. நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்துக்கு
ஒரு வாரத்துக்கு அளந்த படி.
நான் செய்வதெல்லாம்
இயந்திரம் மூச்சுவிடுகிறதா என்று பார்ப்பது,
மாட்டு விலை வாசிப்பது,
வாசலில் பனி தள்ளுவது.

பாட்டை முழுதாகக் கேட்டு யாரும் பொறுக்குவதில்லை.
ஒரு ஹோட்டல் கூடத்தில் எண்பது பேரை உட்காரவைத்து
ஆளுக்கு அறுபது டாலரும் காபியும் கொடுத்து
ஏழேழு வினாடியாகப் போடுகிறார்கள்.
கையில் ஒரு குமிழ். பிடித்தால் வலப்பக்கம் திருகவேண்டும்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
இங்கே பானையே அந்த ஒரு சோறுதான்.
எட்டாவது வினாடியில் அழத் தொடங்கும் பாட்டுக்கு
எங்கள் கோபுரத்தில் ஏற வழியில்லை.

இரண்டு பெண்குரல் அடுத்தடுத்து வரக்கூடாது.
ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.
'ஆராய்ச்சி' என்று பதில் வந்தது.
அன்றே சம்பளமும் வந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

பாட்டில் டிரக் வரலாம். வரவேண்டும்.
புது டிரக், சேறு தெறிக்கும் டிரக்,
நிலவில் பின்கதவு திறந்து கிடக்கும் டிரக்.
தவணை கட்டாததால் விடியுமுன்
இழுத்துப்போகப்படும் டிரக் மட்டும் ஆகாது.
லவோன் ஸ்வோபோடா பாடியது அதைத்தான்.
மாட்டு ஏலக் கொட்டகையில் எடை எழுதுகிறவள்.
சிடியை என்னிடம் நீட்டியபோது
விரலில் மை, தோளில் வைக்கோல் துரும்பு.
மூன்று வருடமாக அது என் இழுப்பறையில்
ஸ்டேப்ளருக்குக் கீழே.

ஹோல்ம்க்விஸ்ட் மோட்டார்ஸ் எங்களுக்கு
மணிக்கு மூன்று விளம்பரம் தருகிற சாமி.
சாமிக்கு ஆகாத பூவை யார் வைப்பார்?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை
மழை விழும்போதே கண்ணாடியாகிக்கொண்டிருந்தது.
மின்கம்பங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சாய்ந்தன.
இரவு ஒன்பது இருபதுக்கு அட்லாண்டா அறுந்தது.
ஜெனரேட்டர் ஓடுகிறது, கோபுரம் நிற்கிறது,
பாட்டு மட்டும் இல்லை.
நெடுஞ்சாலை மூடல், பள்ளி விடுமுறை,
லூத்தரன் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் கட்டில்கள் உண்டு.
எல்லாம் சொல்லி முடித்தும்
இரவு அப்படியே மீதமிருந்தது.

இழுப்பறையைத் திறந்தேன்.
வீரம் ஒன்றுமில்லை, வேறு சிடி இல்லை.
லவோனைப் போட்டேன். அடுத்தும் லவோனையே.
பெண்குரலுக்குப் பின்னால் பெண்குரல்.
வானம் இடிந்து விழவில்லை;
அது ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தது.

மூன்று பேர் அழைத்தார்கள்.
ஒருத்தி, இன்சுலின் எங்கே கிடைக்கும் என்று.
ஒரு சிறுவன், என் நாயைப் பார்த்தீர்களா என்று.
மூன்றாவது, வெண்டல் ஹோல்ம்க்விஸ்ட்.
கடை முற்றத்தில் தனியாக மாட்டிக்கொண்டு
விற்காத ஒரு டிரக்குக்குள் உட்கார்ந்திருக்கிறார்,
ஹீட்டரும் ரேடியோவும் போட்டு.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
'அந்த நீல டிரக். எங்களுடையதா அது?'
தெரியாது என்றேன். தெரியும்.
'இன்னொரு தடவை போடு.'
போட்டேன்.

திங்கட்கிழமை அட்லாண்டா உயிர்த்தெழுந்தது.
பட்டியல் வந்தது, முப்பத்தோரு பாட்டு.
கூடவே ஹோல்ம்க்விஸ்ட் மோட்டார்ஸின் கடிதம்:
சனி இரவிலிருந்து ஞாயிறு மாலைவரை
ஒலிக்காமல் போன விளம்பரம் ஐம்பத்தேழு.
ஈடு வேண்டும்.
கையெழுத்து அவருடையதுதான். நடுக்கம் இல்லை.

வாரம் முழுக்க ஈடு செய்தேன்.
முதல் மூன்று மாதம் தவணை கிடையாது,
பழைய கடன் இருந்தாலும் பரவாயில்லை,
இன்றே வாருங்கள்.

வியாழக்கிழமை விலை வாங்கக் கொட்டகைக்குப் போனேன்.
தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் லவோன் கேட்டாள்:
'என்னைப் போட்டாயாமே.
எங்கள் பக்கம் கரண்ட் இல்லை.'
நான் வாயைத் திறப்பதற்குள்
அடுத்த காளை பலகையில் ஏறிவிட்டது.
எண்ணூற்று நாற்பது பவுண்டு என்று எழுதினாள்.