இடப்பக்கம் ஒரு சாண்

டிசம்பர் கடைசிக் கிழமை.
மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி,
வெளியே வாவியின் மேல் மாரி.
அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வந்த துவக்குக்காரர்
மடியில் சீலை சுற்றிய பொதிகளோடு
பல்லுப் பிடுங்க வந்தவர்கள்போல்
வாங்கில் இருக்கிறார்கள்.

என் வேலை இலக்கம் பார்ப்பது.
இரும்பில் வெட்டியதும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றா,
அவ்வளவுதான்.
மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

ஓட்டமாவடி உதுமாலெப்பை, அரிசி ஆலைக்காரர்,
தன் நாற்பத்தைந்து ரிவோல்வரை
மாப்பிள்ளையை இறக்குவதுபோல் மேசையில் இறக்கினார்.
"முப்பது யாரில மூணு வெடி, ஒரு சிரட்டைக்குள்ள.
சிரட்டையும் கொண்டந்திருக்கன் மகன், பாக்கிறீங்களா?"
பார்த்தேன்.
மூன்று ஓட்டை, மூன்றும் வட்டம் பிசகாமல்.
ஒன்றின் விளிம்பில்
துறப்பணம் சுருட்டிய தும்பு இன்னும் இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

செங்கலடி ஜீவரெத்தினம் மாஸ்டர் வேறு சாதி.
துவக்குக்கும் புள்ளி குறைப்பவர்.
"உருளை ஆடுது.
அஞ்சாம் அறை குழலுக்கு நேரா வந்து நிக்காது.
ஈயம் சீவி என்ர பெருவிரலில தெறிச்சது, இஞ்ச பாரும்.
விசையை இழுத்து முடிக்கிறதுக்குள்ள
யானை வேலிக்கு அங்கால போயிடும்."
"அப்ப விக்கலாமே மாஸ்டர்?"
கையெழுத்து எங்கே என்று கேட்டார்.

கடைசியாகக் கனகநேசம்.
மண்முனைப் பாலத்தால், படுவான்கரையிலிருந்து.
பால்மாப் பேணிக்குள் பெரிய இங்கிலீசு ரிவோல்வர்,
யுத்தத்துக்குள் இரண்டு தரம் பொலிசுக்குப் போய்
இரண்டு தரமும் வீடு திரும்பியது.
பத்திரம் இன்னும் புருசன் பேரில்:
வெள்ளைக்குட்டிப் போடியார்.

படிவத்தில் இல்லாத கேள்வி, ஏனோ கேட்டேன்:
"குறி எப்படியம்மா?"

"இடப்பக்கம் ஒரு சாண் போகும்.
இரும்புப் பட்டறைப் பார்த்தலட்டிட்ட குடுத்துக்
குறிமுள்ளை ராவியும் பார்த்தவர், சரிவரல்ல.
பண்டிக்கு வெடி வைக்கக்குள்ள
வலப்பக்கம் தள்ளித்தான் பிடிப்பார்.
அண்டைக்கு மறந்திட்டார்."

"எண்டைக்கு?"

"சூறாவளி அடிச்சதுக்கு அடுத்த மாசம்.
தென்னை ஒண்டும் மிஞ்சல்ல.
சனத்துக்குச் சோறு இல்ல.
ராவில பட்டறைக்குள்ள ஆள் அரவம்,
நல்ல நிலவு.
பதினாறு வயசுப் பொடியன், தோளில நெல்லு மூட்டை.
இவர் நேரா நெஞ்சைத்தான் பிடிச்சவர்.
கோபத்தில மனிசனுக்கு
இடம் வலம் தெரியுமா?
நிண்ட ஒரே மாமரத்தில பட்டது."

வாங்கு முழுவதும் சத்தமில்லை.

"பொடியன் மூட்டையைப் போடவுமில்ல, ஓடவுமில்ல.
நிண்டபடி மூத்திரம் போனான்.
அந்த மூட்டையைக் குடுத்து அனுப்பினம்."

மாஸ்டர்தான் கேட்டார்: "பிறகு?"

"பிறகென்ன. வெளியில நிக்கிறான்.
அவன்ட மோட்டச்சைக்கிளிலதான் வந்தனான்."

யன்னலால் எட்டிப் பார்த்தோம், எல்லாரும்.
ஐம்பது கடந்த ஆள், கிழிந்த மழையங்கி,
மதிலோரம் ஒதுங்கி நின்று
கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான்.
கோதுகளைக் கீழே போடாமல்
ஒவ்வொன்றாய்ப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

கனகநேசம் குரலைத் தாழ்த்தினாள்:
"போடியார் வேணுமெண்டு விலத்திச் சுட்டவர் எண்டுதான்
இண்டைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரியிறான்.
அவர்ட குறி தப்பாதாம்.
செத்த வீட்டில அதைச் சொல்லித்தான் அழுதான்.
நாங்க ஒண்டும் சொல்லல்ல."

'ஆயுதத்தின் நிலை' என்றொரு கட்டம்.
நன்று. பழுது. ஒன்றை வெட்டிவிட வேண்டும்.
உதுமாலெப்பைக்கு முதலாவதை விட்டிருந்தேன்,
மாஸ்டருக்கு இரண்டாவதை.
பேனையை வைத்துவிட்டு உருளையைத் திறந்தேன்.
ஆறு அறையும் வெறுமை, எண்ணெய் வாசம்.
குழலின் வழியே வெளிச்சம் நேராய்த்தான் வந்தது.

"திருத்த வேணுமெண்டு மட்டும் எழுதிப்போடாதீங்க தம்பி."

உதுமாலெப்பை சிரட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார்.
நான் இலக்கத்தைப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.